சித்தியின் நாற்பது ரோஸ்மேரி

வாய் திறப்பதற்கு முன் யோசிக்க வேண்டும் என்றுதான் கல்லூரியில் மூன்று ஆண்டு பாடம் எடுத்தார்கள். ஆனால் காலை ஏழரை மணிக்கு, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் கிடைக்கும் நான்கு நிமிடத்தில், அந்தப் பாடமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. இரண்டு ஆண்டுக்கு முன்னால் ஓர் ஆகஸ்டு மாதக் காலையில், அப்படிப்பட்ட நான்கு நிமிடத்தில்தான் நான் ரோஸ்மேரியைப் பற்றிப் பேசினேன்.

உங்களுக்கும் நினைவிருக்கும். கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் ரோஸ்மேரி இலையைக் கொதிக்க வைத்துத் தலையில் தெளித்துக்கொண்டிருந்த காலம் அது. "முடி கொட்டுதா? கவலைய விடுங்க. ஒரு செடி வாங்கி வாசல்ல வைங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அது பாட்டுக்கு வளரும்" என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். குரல் பதிவுகள் குவிந்தன. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் பசியாறப் போய்விட்டேன்.

அதை லாயாங் லாயாங்கில் என் சித்தி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஐந்து மாதம் கழித்து, பொங்கலுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

லாயாங் லாயாங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜொகூரில், குளுவாங்கிலிருந்து கூலாய் நோக்கி ரயிலில் வந்தால் ரெங்கத்தை அடுத்து வரும் சிறு பட்டணம். பெயருக்கு மலாயில் பட்டம் என்று பொருள், தகைவிலான் குருவிக்கும் அதே பெயர்தான். சுற்றிலும் செம்பனை. பக்கத்திலிருக்கும் உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர், செம்பனை வித்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அம்மாவும் சித்தியும் இந்த வட்டாரத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மண்ணில் எதைக் குத்தி வைத்தாலும் முளைக்க வைக்கிற கை சித்திக்கு. வாசலில் இருக்கும் கருவேப்பிலை மரம் கூரையைத் தாண்டிவிட்டது. அந்தத் தெருவில் யாரும் கருவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்ததில்லை.

தொழிற்சாலை வேலையை முழங்கால் வலிக்காக விட்ட பிறகு, சித்தி வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் காய்ச்சி அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய், கருவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி. பெரிய வருமானம் இல்லை, மளிகைக்கு ஆகும். நான் வானொலியில் பேசியதைக் கேட்டதும், கேமரன் மலையிலிருந்து செடி இறக்குகிற ஒரு வியாபாரியிடம் சொல்லி ரோஸ்மேரி வரவழைத்தார். ஒரு செடி 15 வெள்ளி. நாற்பது செடி. 600 வெள்ளி. முப்பதைப் பாலிபேக் பைகளில் வைத்து வாசலில் வரிசையாக அடுக்கினார். பத்தை வீட்டுக்குப் பின்னால் மண்ணிலேயே நட்டார்.

நான் பொங்கலுக்குப் போனபோது ஒன்பது மிச்சம் இருந்தது.

சித்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். பால் பொங்கி, படையல் முடிந்து, எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அது பாட்டுக்கு வளரும்னு சொன்னியே. நீ எங்க வளர்த்த?"

நான் எங்கேயும் வளர்க்கவில்லை. அதுதான் உண்மை. நான் படித்ததைச் சொன்னேன். படித்ததும் முழுவதும் இல்லை.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பைகள் வரிசை கலையாமல் நின்றன. செடிகள் சாம்பலும் பழுப்புமாக, நின்றபடியே செத்திருந்தன. ஓர் இலையைக் கிள்ளி நசுக்கினால் அப்போதும் வாசனை வந்தது. பைக்குள் விரலை விட்டேன். மண் ஊற வைத்த பஞ்சு மாதிரி இருந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் கறுத்த தோல் கையோடு உரிந்து வந்தது.

"வாடுச்சுன்னு தண்ணி ஊத்துனேன். ஊத்த ஊத்த இன்னும் வாடுச்சு" என்றார் சித்தி.

இந்த ஒரு வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணிலுள்ள இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறும். அந்த நிலைக்காகவே காத்திருக்கிற பூஞ்சை வகைகள் உள்ளே நுழைந்து வேரை அழுகச் செய்யும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே வேரைச் சுற்றிக் குளமே இருந்தாலும் மேலே இலை தாகத்தில் வாடும். பார்க்கிறவருக்கு அது தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடி போலவேதான் தெரியும். பாசத்தோடு இன்னொரு குவளை ஊற்றுவோம். கதை முடிந்தது.

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடி. அதன் இலத்தீன் பெயருக்குக் கடற்பனி என்று பொருள் சொல்வார்கள். கடலோரப் பாறை இடுக்குகளில், கல்லும் சுண்ணாம்புமான மெலிந்த மண்ணில் வளர்ந்து பழகியது. அந்த ஊர்களில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை முழுக்க வானம் வறண்டு கிடக்கும். அதனால்தான் இலை ஊசி போல் ஒடுங்கி, ஓரம் உள்ளே சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளை ரோமத்தோடு இருக்கிறது. எல்லாம் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகாமல் காக்கிற ஏற்பாடு. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் இதற்கு உறவுதான், ஒரே குடும்பம். தண்டைத் தடவிப் பார்த்தால் இளங்கிளை சதுரமாக இருப்பது தெரியும். ஆனால் உறவு என்பதற்காக ஒரே மாதிரி உபசரிக்க முடியாது. புதினாவுக்கு ஊற்றுகிற தண்ணீரை இதற்கு ஊற்றினால் போய்விடும். (2017இல் ஆய்வாளர்கள் இதன் அறிவியல் பெயரையே மாற்றி சால்வியா இனத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். செடிக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.)

ரோஸ்மேரியை ஆண்டு முழுவதும் வெளியிலேயே வைத்திருப்பது எப்படி என்று தேடினால், கிடைக்கிற அறிவுரையெல்லாம் பனிக்கால நாட்டுக்காரர்களுடையது. பெரும்பாலான ரகங்கள் உறைநிலைக்குக் கீழே 7, 10 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதற்கும் கீழே போனால் சட்டியை வீட்டுக்குள் எடு என்பார்கள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்ப் என்ற சிற்றூரில், மேடலின் ஹில் என்ற மூலிகைத் தோட்டக்காரர் 1972இல் ஒரு செடியைக் கண்டெடுத்தார். கடுங்குளிரிலும் தப்பிப் பிழைக்கிற ரகம் என்று அதற்குப் பெயர் வந்தது. இன்றும் அந்த ஊர்ப் பெயரிலேயே விற்கிறார்கள். இதையெல்லாம் நாம் படித்துவிட்டு, நமக்குத்தான் குளிர்காலமே இல்லையே, ஆண்டு முழுக்க வெயில்தானே, பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் முடிவு கட்டி ஒலிவாங்கியில் சொன்னேன்.

அந்தக் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களே இன்னொன்றும் சொல்கிறார்கள். அதை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். குளிரைவிட, குளிர்காலத்து ஈரம்தான் ரோஸ்மேரியை அதிகம் கொல்கிறதாம். நீர் தேங்காத மண்ணில் நிற்கிற செடி பனியைத் தாங்கிவிடும். சேற்றில் நிற்கிற செடி லேசான குளிரிலேயே செத்துவிடும்.

அப்படிப் பார்த்தால் ஜொகூருக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. நவம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் இழுக்கிற வடகிழக்குப் பருவமழைதான் அது. நாள்கணக்கில் மேகம், ஓயாத தூறல், நனைந்தே கிடக்கும் மண், அசையாத காற்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் பட்ட பாடு பெரியவர்களுக்கு மறந்திருக்காது. 2023இல் பெருவெள்ளம் வந்தது மார்ச் மாதத்தில். பொங்கல் கழிந்ததும் மழை முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

வெயில் இதற்கு எதிரி இல்லை. மத்தியதரைக் கோடையில் 35 டிகிரியைத் தாண்டுகிற ஊர்கள் உண்டு, அங்கே நன்றாகவே நிற்கிறது. நம்முடைய 32, 33 டிகிரி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அங்கே சூடு வறண்ட சூடு. நம்முடையது வேகவைக்கிற சூடு. இரவில்கூடப் பெரிதாகக் குளிராது. காற்றில் ஈரம் குறையவே குறையாது. கேமரன் மலை தானா ராத்தாவில் 1,400 மீட்டருக்கும் மேலே நன்றாக வளர்ந்த செடியை, தாழ்நிலத்துக்கு லாரியில் இறக்கினால் அதற்கு எப்படி இருக்கும்? நம் சொந்தக்காரர் யாராவது திடீரென்று உடம்பு முழுக்க ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாழ வேண்டும் என்றால் எப்படி இருக்குமோ அப்படி.

தமிழ்நாட்டிலும் ரோஸ்மேரி என்றால் நீலகிரிதான். உதகையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஊட்டி ஆர்.எம். 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற அந்த மலையில் அதைப் பயிராகவே போட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். அங்கே மழையும் உண்டுதான், ஆனால் சரிவான நிலத்தில் தண்ணீர் நிற்காது, இரவுக் குளிரில் செடிக்கு ஓய்வும் கிடைக்கும். சென்னையில் மொட்டைமாடியில் வைத்திருப்பவர்கள் எங்களைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில் தவிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சித்தி மண்ணில் நட்ட பத்தும்தான் முதலில் போயின. அதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் நாட்டில் மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பார்கள். அவற்றில் பேர்போன ஒன்றுக்கு ரெங்கம் தொடர் என்று பெயர், சித்தி வீட்டுக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர்தான். கருங்கல் சிதைந்து உண்டான ஆழமான மண். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் அருமையானது. ஆனால் புளிப்பு மண். அமிலத்தன்மையைக் காட்டும் அளவு 4லிருந்து 5க்குள் இருக்கும். ரோஸ்மேரிக்கு 6லிருந்து 7 வரை இருந்தால் பிடிக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். சுண்ணாம்புத்தூள். "அத முன்னாலேயே சொல்லியிருந்தா போட்டிருப்பேனே" என்றார் சித்தப்பா, ஏதோ இதுநாள்வரை எல்லாரும் அவரிடம் மறைத்துவைத்தது போல.

அன்று மாலை நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒன்பதையும் பையிலிருந்து எடுத்தோம். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கடையில் வாங்குகிற செடியின் வேருக்கு நடுவில், ஒரு முஷ்டி அளவுக்குத் தேங்காய் நார்த்தூள் கட்டியாக இருக்கிறது. மலையில் தினமும் நீர் தெளித்து வளர்க்கிறவர்களுக்கு அது வசதி. நம் மழையில் அந்தக் கட்டி காயவே காயாது. சுற்றிலும் எவ்வளவு நல்ல மண் போட்டாலும், நடுவில் ஈரப்பஞ்சு உட்கார்ந்திருக்கும். வேர் அறுந்துவிடாமல் அதை விரலால் மெல்ல உதிர்த்தோம்.

புதுக் கலவைக்குக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கழுவிய பரும்படி ஆற்றுமணல் இரண்டு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு, சுட்ட மண் ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு. சட்டிக்கு ஒரு தேக்கரண்டி சுண்ணாம்புத்தூள். கடல்மணல் வேண்டாம், உப்பு. தண்ணீர் ஊற்றினால் அடுத்த நொடியே அடியில் ஒழுக வேண்டும். மேலே குளம்கட்டி நின்றால் மணல் போதவில்லை என்று பொருள். சட்டியின் அடியில் கல்லைப் போட்டால் நீர் வடியும் என்று நாமெல்லாம் நம்புகிறோம். உண்மையில் நீர் கல்லுக்கு மேலே, மண்ணின் அடிப்பகுதியிலேயே தங்கிவிடும், அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். கல்லுக்குப் பதிலாக ஓட்டையைப் பெரிதாக்கி, சட்டியைத் தரையிலிருந்து இரண்டு செங்கல்மேல் தூக்கி வைப்பது உதவும். பிளாஸ்டிக்கைவிடச் சுட்ட மண்சட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். சின்னச் செடிக்குப் பெரிய சட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும்.

ஒன்பதில் இரண்டு அப்படியும் பிழைக்கவில்லை. ஏழு நின்றது.

பிப்ரவரியில் மழை விட்ட ஒரு வாரத்தில், சித்தி ஏழு செடியிலிருந்தும் நுனிக்கிளைகளாக முப்பது துண்டு வெட்டினார். ஒரு விரலைவிடக் கொஞ்சம் நீளம். அடிப்பாதியில் இலையை உருவிவிட்டு, ஈரமணலில் குத்தி, கருவேப்பிலை நிழலில் வைத்தார். மேலே பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்க்கச் சொல்லிப் படங்களில் காட்டுவார்கள். நம் ஊர்க் காற்றிலிருக்கும் ஈரத்துக்கு அது தேவையே இல்லை. ஐந்து வாரத்தில் பதினேழு வேர்விட்டது. முப்பதுக்குப் பதினேழு. சித்திக்கு அது அவமானம். "வெத்தல குச்சி வச்சா கூட முப்பதும் வரும்" என்றார். ரோஸ்மேரியைப் பொறுத்தவரை அது நல்ல விளைச்சல் என்று நான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொங்கலன்று மாலையே, செத்துப்போன 31 செடிக்கு 465 வெள்ளி கணக்குப் போட்டு ஓர் உறையில் வைத்துச் சித்தியிடம் நீட்டினேன். அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரேடியோ கேட்டு வாங்குன எல்லாருக்கும் இப்படிக் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உறை மேசையிலேயே கிடந்தது. சித்தப்பாதான் எடுத்து என் பையில் திருப்பி வைத்தார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான். நான் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று உட்கார்ந்து பார்த்தேன். ரோஸ்மேரிக்கும் முடிக்கும் உள்ள தொடர்பைப் பேசுகிற எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ ஓர் ஆய்வின் மேல்தான் நிற்கிறார்கள். 2015இல் ஈரானில் நடந்து வெளியானது. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேர். ஐம்பது பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், ஐம்பது பேருக்கு 2 விழுக்காடு மினாக்சிடில் மருந்து. ஆறு மாத முடிவில் இரண்டு தரப்பிலும் முடி எண்ணிக்கை கூடியது, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமே தடவாத மூன்றாவது தரப்பு அந்த ஆய்வில் இல்லை. பயன்படுத்தியது பிரித்தெடுத்த எண்ணெய், வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் இல்லை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவதும் அதுவும் ஒன்றில்லை. தவிர, பிரசவத்துக்குப் பின்னும், இரும்புச்சத்துக் குறைவிலும், தைராய்டு கோளாறிலும் கொட்டுகிற முடிக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே கிடையாது. அவர்கள் செடி வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் சுத்த எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றினால் தோல் எரிந்து அரிக்கும் என்பதையும் நான் அன்று சொல்லவில்லை.

சித்திக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நம் நாட்டில் தலைக்குத் தடவும் எண்ணெய் அழகுப் பொருளில் சேரும். விற்பனைக்கு விடுவதற்கு முன் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். இத்தனை நாள் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். ரோஸ்மேரி என்று எழுதி ஒட்டி, முடி வளரும் என்று விளம்பரம் போட்டிருந்தால் கேட்டிருப்பார்கள். வீட்டிலிருந்தே எண்ணெய் காய்ச்சி விற்கிற நம் பெண்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது. சித்தி எண்ணெய் விற்பதை நிறுத்திவிட்டார். இப்போது வீட்டுக்கு மட்டும்தான் காய்ச்சுகிறார்.

நான் வானொலியில் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, ஆகஸ்டில் சொன்னதைத் திருத்திச் சொன்னேன். முதல் பேச்சுக்குக் குவிந்த குரல் பதிவுகளில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை. வந்தவற்றில் பாதி, ஏன் செடி செத்துப்போச்சு என்ற கேள்வி. செராஸிலிருந்து, ஈப்போவிலிருந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து. எல்லாரும் சொன்னது ஒரே வாக்கியம்: வாடுச்சுன்னு தண்ணி ஊத்துனேன்.

இரண்டாவது மழைக்காலத்துக்கு நாங்கள் முன்கூட்டியே தயாரானோம் என்று பெருமையாகச் சொல்ல ஆசை. ஆனால் அதிலும் நான் ஒரு தவறு செய்தேன். அக்டோபரில் மாலை இடிமழை தொடங்கியதும், ஓடிப்போய்க் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி வந்து, செடிகளுக்கு மேலே தாழ்வாக இழுத்துக் கட்டினேன். மழை படவில்லை, உண்மைதான். காற்றும் படவில்லை. மூன்றே வாரத்தில் இலையெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. மூன்று செடி போனது. சித்தி ஒன்றும் சொல்லாமல் விரிப்பை அவிழ்த்து, மடித்து, ஸ்டோர் அறையில் வைத்தார். பிறகு அவரே யோசித்து, வாசல் முகப்புக் கூரைக்குக் கீழே, காலை வெயில் விழுகிற பக்கமாக, சட்டிக்குச் சட்டி ஒரு முழம் விட்டு நிறுத்தினார். கூரை உயரத்தில் இருக்கிறது, மூன்று பக்கமும் திறந்திருக்கிறது. சாரல் கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை. அடித்த சாரல் அரை மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கூரை விளிம்பில் சொட்டுச் சொட்டாக விழுகிற இடத்துக்கு நேர் கீழே மட்டும் வைக்கவே கூடாது.

தண்ணீருக்கு அவர் வைத்திருக்கிற அளவு, நடுவிரலின் இரண்டாவது கணு. அதுவரை விரலை விட்டு, உலர்ந்திருந்தால் ஊற்றுவார். மழைக்காலத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஊற்றாமலே போவதுண்டு. உரமும் அந்த மாதங்களில் கிடையாது. உரம் போட்டால் இளந்தளிராக வரும், வெயில் இல்லாத நாளில் அந்தத் தளிர்தான் முதலில் அழுகும். அக்டோபருக்கு முன்பே உள்பக்கத்து நெருக்கமான கிளைகளைக் கழித்துவிடுகிறார். ஒன்று மட்டும் கவனம். இலை இல்லாத பழைய மரக்கட்டை வரைக்கும் வெட்டிவிட்டால் ரோஸ்மேரி அந்த இடத்தில் திரும்பத் துளிர்க்காது. செம்பருத்தியை வெட்டுகிற தைரியத்தோடு இதை வெட்டக் கூடாது. பச்சை இருக்கிற இடத்தோடு கத்தரியை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர் செய்கிற காப்பீடு. ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில், மழை குறைவான நாட்களில், தாய்ச்செடியிலிருந்து துண்டு வெட்டிப் புதுக்கன்று எழுப்பிவிடுகிறார். நவம்பர் வருவதற்குள் அவை வேர்பிடித்துச் சின்னச் சட்டிகளில் நிற்கும். சின்னச் சட்டியைக் கூரைக்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். தாய் போனாலும் பிள்ளை இருக்கும். பனிக்கால நாடுகளிலும் கோடை முடிவில் இதையேதான் செய்கிறார்கள் என்று சொன்னேன். "அப்ப அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அந்த நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் போனது இரண்டே செடி. நாற்பதில் முப்பத்தொன்று போன அதே ஊர், அதே மழை. ஆனால் பூ இன்னும் பூக்கவில்லை. கேமரனில் நீலமாகப் பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தாழ்நிலச் சூட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். சித்தி எதிர்பார்க்கிறார்.

இலையை என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். உருளைக்கிழங்கில் போட்டுப் பிரட்டி, ஆட்டிறைச்சியில் போட்டுப் பார்த்தார்கள். சித்தப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "யாருக்குச் சளி?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. யூகலிப்டஸ் தைலத்துக்கு அந்த வாசனையைத் தருகிற அதே சினியோல்தான் இதிலும் இருக்கிறது, கூடவே கற்பூரமும். பூண்டோடு சேர்த்து, கொஞ்சமே கொஞ்சம் போட்டால் இளையவர்கள் சாப்பிடுகிறார்கள்.

இந்த வாரம் லாயாங் லாயாங்கில் மழை பிடித்துக்கொண்டது. தொலைபேசியில் கேட்டேன். இப்போது இருபத்தாறு செடி, எல்லாம் முகப்புக்குள் வந்தாகிவிட்டதாம். கார் வெளியே நனைகிறதாம். சித்தி இப்போது வேர்விட்ட கன்றுகளை 10 வெள்ளிக்குக் கொடுக்கிறார். இதுவரை பதினெட்டு போயிருக்கிறது, போட்ட பணம் இன்னும் வரவில்லை. ஆனால் கேட்கிற எல்லாருக்கும் கொடுப்பதில்லை. "மழையில எங்க வைப்ப?" என்று முதலில் கேட்கிறார். பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்குச் சட்டி, தெரியாதவர்களுக்கு ஒரு கொத்து இலை, அதற்குக் காசு வாங்குவதில்லை. போன மாதம் நான் என் அடுக்குமாடி வீட்டுக்கு ஒன்று கேட்டேன். பால்கனி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்டார். மேற்கு, அதுவும் எதிர்வீட்டுச் சுவர் மறைக்கும் என்றேன்.

ஒரு கொத்து இலைதான் கிடைத்தது.